ஆப்பிள் ஜூஸ் வைத்தியர்களும் ஜவ்வாது மலை ஆயாவும்

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பொட்டி தட்டி வயிறு கழுவுறவன். இந்தப் பதிவுல இருக்குற மருத்துவ விஷயம் எல்லாம் ஒரு ஆஸ்பத்திரி வராண்டாவுல பதினாறு நாள் உட்கார்ந்து, ஒரு சர்ஜனை நச்சரிச்சு, அப்புறம் ராத்திரி ராத்திரியா படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது. தப்பு இருந்தா டாக்டர் பதிவர்கள் பின்னூட்டத்துல கொட்டலாம். வாங்கிக்கிறேன்.

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல. ஆணி அதிகம். ஆனா போன வாரம் நம்ம சக பதிவர் ஒருத்தர் எழுதின பதிவைப் படிச்சதும் கை அரிக்க ஆரம்பிச்சிடுச்சு. "மலையில வாழுற மக்களுக்கு வியாதியே கிடையாது, சாமைச் சோறும் தேனும் சுத்தமான காத்தும்"னு ஆரம்பிச்சு, நடுவுல "ஆபரேஷன் இல்லாமல் பித்தப்பைக் கல்லைக் கரைக்க ஆறே நாள்"னு ஒரு செய்முறை கொடுத்து, கடைசியில "அலோபதி வியாபாரிகள் இதை உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்"னு முடிச்சிருந்தார். கீழே நாப்பது பின்னூட்டம். "அருமையான தகவல் நண்பரே", "எங்க அத்தைக்கு சொல்லிட்டேன்", "நன்றி, சேமித்துக்கொண்டேன்".

அய்யா புண்ணியவான்களே, அந்தச் செய்முறை எனக்கு மனப்பாடம். அஞ்சு நாள் ஆப்பிள் ஜூஸ். ஆறாவது நாள் சாயங்காலம் பேதி உப்பு. ராத்திரி ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும். காலையில பச்சைப் பச்சையா கல்லு வெளிய வரும். இன்டர்நெட்டுல இது சுத்த ஆரம்பிச்சு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. முதல்ல இங்கிலீஷ் மெயிலா வந்தது, அப்புறம் தமிழ்ல வந்தது, இப்ப வாட்ஸ்அப்புல காலை வணக்கத்துக்கு அடுத்தபடியா வருது. அது எங்க போய் முடியும்னு நான் கண்ணால பார்த்தேன். அதனாலதான் இந்தப் பதிவு.

என் காலேஜ் ரூம் மேட் ஜவ்வாது மலைக்காரன். ஜமுனாமரத்தூர்ல இருந்து உள்ளே போகணும், கடைசி ஒன்றரை கிலோமீட்டர் மண் ரோடு. நான் போளூர்க்காரன், அதனால காலேஜ் காலத்துல இருந்தே அவன் வீடு எனக்கு லீவு விட்டா போற இடம். அவன் ஆயா கையால சாமைச் சோறும் கொள்ளு ரசமும் எத்தனை தடவை சாப்பிட்டிருப்பேன்னு கணக்கே இல்லை. எழுபதைத் தாண்டின மனுஷி. விறகுக்கட்டோட அந்த மேட்டுல ஏறும்போது எங்க ரெண்டு பேருக்கும்தான் மூச்சு வாங்கும்.

அந்த ஆயாவுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி வலது பக்க விலாவுக்குக் கீழே வலி. சாப்பிட்ட பிறகு வரும், ரெண்டு மூணு மணி நேரம் பிடிச்சு வெச்சுட்டு விட்டுடும். நண்பன் கீழே கூட்டிட்டுப் போய் வயித்து ஸ்கேன் எடுத்தான். பித்தப்பையில ஒத்தைக் கல், 26 மில்லிமீட்டர். பார்த்த டாக்டர், "இவ்வளவு பெரிசு, வலியும் இருக்கு, பித்தப்பையை எடுத்துடறது நல்லது, லேப்ராஸ்கோப்பியில ரெண்டு மூணு நாள் வேலை"ன்னு தெளிவா சொல்லியிருக்கார். அந்த டாக்டரை இன்னைக்கும் நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

வீட்டுல பஞ்சாயத்து. எழுபது வயசுல கத்தி வைக்கணுமான்னு ஒரு கோஷ்டி. காப்பீடு அட்டை இருக்கே, காசு போகாதேன்னு நண்பன். அப்பதான் அவன் மாமா, அரூர் பக்கம் வாழுறவர், அந்த மெசேஜை அனுப்பினார். நண்பன் எனக்கு ஃபோன் பண்ணி, "மச்சி, இது வேலை செய்யுமாடா?"ன்னு கேட்டான். நான் அப்ப ஒரு ரிலீஸ் நடுவுல இருந்தேன். "ஜூஸும் எண்ணெயும்தானே, பக்க விளைவு ஒண்ணும் இருக்காது, ட்ரை பண்ணிப் பாருங்க"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன். மூணே செகண்டு. அந்த மூணு செகண்டைத்தான் பிறகு பதினாறு நாள் வராண்டாவுல உட்கார்ந்து திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்த்தேன்.

மலை மேல ஆப்பிளுக்கு எங்க போறது? கீழ இருந்து பை பையா வாங்கிட்டுப் போனாங்க. ஆலிவ் எண்ணெய் திருவண்ணாமலையில. ஆயா மூக்கைப் பிடிச்சுட்டு குடிச்சிருக்கு. ஏழாம் நாள் காலையில பச்சையா, வழவழன்னு, பட்டாணி சைஸுல முப்பது நாப்பது உருண்டை! மாமா ஃபோட்டோ எடுத்து குரூப்புல போட்டார். வலியும் குறைஞ்சுது. எல்லாருக்கும் சந்தோஷம். மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தோமா? இல்லை. ஆபீஸ்ல ஒரு பக்-ஐ டெஸ்ட் பண்ணாம டிக்கெட்டை க்ளோஸ் பண்ணினா எங்க லீட் என்னைக் கடிச்சுத் துப்பிடுவார். ஒரு மனுஷி வயித்துக்குள்ள இருக்குற கல்லுக்கு அந்த மரியாதை கூட நாங்க கொடுக்கல.

சரி, அந்தப் பச்சை உருண்டை என்ன? இதை 2005லயே பார்த்துச் சொல்லிட்டாங்க. நியூசிலாந்துல ஒரு பெண்மணி இதே மாதிரி வைத்தியம் பண்ணி, வெளிய வந்த "கல்லு"களை ஃப்ரீஸர்ல பத்திரமா வெச்சு டாக்டர்கிட்ட கொண்டு போயிருக்காங்க. லேபுல பார்த்தா அதுல கொலஸ்ட்ராலும் இல்லை, பித்த நிறமியும் இல்லை, கால்சியமும் இல்லை. கொஞ்சம் சூடு காட்டினதும் உருகிடுச்சு. அது சோப்பு. குடிச்ச எண்ணெய் குடல்ல உடைஞ்சு கொழுப்பு அமிலமாகி, எலுமிச்சைச் சாறுல இருக்குற பொட்டாசியத்தோட சேர்ந்து உருண்டது. சீஸ், புரூக்கர்னு ரெண்டு பேர் லான்செட் பத்திரிகையில கடிதமா எழுதியிருக்காங்க. அதே பெண்மணிக்கு பிறகு பித்தப்பையை ஆபரேஷன்லதான் எடுத்தாங்க, உள்ளே கல்லு அப்படியேதான் இருந்துச்சு. ஆக, கல்லே இல்லாத ஆள் குடிச்சாலும் உருண்டை வரும். குடிச்ச எண்ணெய் சோப்பா வெளிய வருது, நாம அதை ஃபோட்டோ எடுத்து மாலை போடுறோம்.

அப்ப வலி ஏன் குறைஞ்சுது? பித்தப்பைக் கல் வலியே அப்படித்தான். கல்லு வாய்ல வந்து அடைக்கும்போது வரும், நகர்ந்தா போயிடும். நீங்க ஆப்பிள் ஜூஸ் குடிச்சாலும் போகும், அண்ணாமலையாருக்கு வேண்டிக்கிட்டாலும் போகும். பாராட்டு மட்டும் ஜூஸுக்கு.

இன்னொண்ணு. "கல்லு கரையும்"னு எழுதுறீங்களே, எந்தக் கல்லு? வட இந்தியாவுல கொலஸ்ட்ரால் கல் அதிகம். நம்ம தென்னிந்தியாவுல நிறமிக் கல்லும் கலப்புக் கல்லும்தான் பெரும்பங்கு. அலோபதியிலயே கல் கரைக்க அர்சோன்னு ஒரு மாத்திரை இருக்கு. அது கூட சின்னச் சின்ன கொலஸ்ட்ரால் கல்லை மட்டும், பித்தப்பை ஒழுங்கா வேலை செஞ்சா மட்டும், மாசக்கணக்குல சாப்பிட்டா மெதுவா கரைக்கும். அதோட நிறமிக் கல் அதுக்கு அசையாது. அப்படி இருக்க, 26 மில்லிமீட்டர் கல்லை ஆறு நாள்ல ஜூஸ் கரைச்சுதாம். காதுல பூ சுத்தலாம், பூந்தோட்டமே வைக்கக் கூடாது :-)

இப்ப அசல் கதைக்கு வர்றேன். போன மழைக்காலம். ஆயாவுக்கு ஒரு நாள் காலையில வயிறு முறுக்கி வலி, ரெண்டு தடவை வாந்தி. சாயங்காலம் தேவலாம். மறுநாள் கஞ்சி குடிச்சிருக்கு. ராத்திரி மறுபடி வலி. "குடல் புரண்டிருச்சு"ன்னு பக்கத்து ஊர்ல இருந்து ஒரு அம்மாவைக் கூட்டி வந்து விளக்கெண்ணெய் போட்டு குடல் தட்டியிருக்காங்க. மூணாவது நாள் கீழே ஒரு கிளினிக். "கேஸ் ட்ரபிள்"னு ஒரு ஊசி, ஒரு அசிடிட்டி மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை. தமிழ்நாட்டுல மேல் வயிறுல இருந்து தொடை வரைக்கும் எங்க வலிச்சாலும் கேஸ்தானே! மாரடைப்பையே கேஸ்னு சோடா குடிச்சு செத்தவங்களை நம்ம ஒவ்வொரு குடும்பத்துலயும் காட்ட முடியும். நாலாவது நாள் வயிறு பானை மாதிரி உப்பிடுச்சு. மலம் போகல, காத்தும் பிரியல. வாந்தி மஞ்சளா வந்தது, அப்புறம் பழுப்பா, மல நாத்தத்தோட வர ஆரம்பிச்சுது.

இந்த "வரும், போகும், மறுபடி வரும்" இருக்கே, இதுலதான் எல்லாரும் ஏமாந்தோம். பின்னாடிதான் புரிஞ்சுது. பித்தப்பையில கிடந்த பெரிய கல்லு, பல மாசமா சுவத்தை அழுத்தி அழுத்திப் புண்ணாக்கி, பக்கத்துல ஒட்டிக்கிட்ட முன்சிறுகுடலுக்குள்ள ஒரு ஓட்டை போட்டுடும். பித்தக் குழாய் வழியா வரல, சுவத்தை உடைச்சுக்கிட்டு நேரா குடலுக்குள்ள விழும். பெரும்பாலும் ரெண்டு, ரெண்டரை சென்டிமீட்டருக்கு மேல இருக்குற கல்லுதான் போய் அடைக்கும். சின்னது பேசாம வெளிய போயிடும். பெரிசு குடலோட உருண்டுகிட்டே போகும்: ஒரு இடத்துல சிக்கும், வலி, வாந்தி. பிறகு விடுபடும், ஆள் எழுந்து உட்காருவார். மறுபடி கொஞ்சம் தள்ளிப் போய்ச் சிக்கும். கடைசியில சிறுகுடலோட முடிவுப் பகுதியில, பெருங்குடல்ல சேருற வால்வுக்கு முன்னாடி, அங்கதான் குடல் குறுகல், அங்க போய் கார்க்கு மாதிரி உட்கார்ந்துடும். அதுக்குள்ள நாலஞ்சு நாள், ஒரு வாரம் ஓடியிருக்கும். ஒவ்வொரு தடவை வலி விடும்போதும் ஒரு வைத்தியர் ஜெயிச்சிருப்பார். எங்க ஆயா விஷயத்துல ஒரு தடவை குடல் தட்டின அம்மா ஜெயிச்சாங்க, ஒரு தடவை கேஸ் ஊசி ஜெயிச்சுது.

புது வியாதி ஒண்ணும் இல்லை. டென்மார்க்குல பார்த்தோலின்ங்கிறவர் 1654லயே பிரேதப் பரிசோதனையில பார்த்து எழுதினதா சொல்றாங்க. அபூர்வம்தான், ஒத்துக்கிறேன். அமெரிக்காவுல 2004ல இருந்து 2009 வரைக்கும் குடல் அடைப்புன்னு சேர்ந்த 34 லட்சத்துச் சொச்சம் பேரோட பதிவுகளை அலசினதுல, கல்லால அடைச்சது 3,268 பேருக்கு. நூத்துல ஒண்ணு கூட இல்லை, ஆயிரத்துல ஒண்ணு. ஆனா அந்த ஆயிரத்துல ஒருத்தர் யாருன்னு பாருங்க: வயசானவங்க, அதிலும் பெண்கள் அதிகம். வீட்டுல யாரும் உடனே தூக்கிட்டு ஓடாத, "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்"னு சொல்லப்படுற ஆட்கள்.

அஞ்சாவது நாள் தொட்டில் மாதிரி போர்வை கட்டி மண் ரோடு வரைக்கும் தூக்கிட்டு வந்து, அங்க இருந்து ஜீப்பு, பிறகு கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி அடிவாரத்துல ஒரு ஆஸ்பத்திரி. பேர் வேண்டாம். எக்ஸ்ரே எடுத்தாங்க. குடல் அடைப்புன்னு சரியாத்தான் சொன்னாங்க. ஆயாவுக்கு நாப்பது வருஷம் முன்னாடி குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகியிருந்துச்சு. தழும்பைப் பார்த்ததும் "பழைய ஆபரேஷன் ஒட்டல், டிரிப்ஸ் ஏத்தி மூக்குல டியூப் போட்டா தானா விடும்"னு முடிவு பண்ணிட்டாங்க.

இதுல அவங்க பக்க நியாயத்தையும் சொல்லிடறேன். ஒட்டலால வர்ற அடைப்பு நிறைய பேருக்கு நிஜமாவே அப்படி விட்டுடும். நம்ம ஊர்ல குடல் அடைப்புன்னா முதல்ல நினைக்க வேண்டியது ஒட்டல், குடலிறக்கம், குடல் காசநோய். கல்லை முதல்ல நினைக்கச் சொல்லல. ஆனா ரெண்டு நாள் டியூப்புல வண்டி வண்டியா வந்தும் வயிறு இறங்கலைன்னா ஒரு கேள்வி வரணுமா வேண்டாமா? "அம்மா, உங்களுக்கு எப்பவாவது பித்தப்பையில கல்லுன்னு சொல்லியிருக்காங்களா?"ன்னு ஒரே ஒரு கேள்வி. யாரும் கேட்கல. நாங்களும் சொல்லல. ஏன்னா எங்க கணக்குல அந்தக் கல்லுதான் ரெண்டு வருஷம் முன்னாடியே கரைஞ்சு போச்சே!

ஏழாவது நாள் நண்பன் அழுதுகிட்டே ஃபோன் பண்ணினான். நான் பெங்களூர்ல இருந்து ராத்திரி பஸ் ஏறி, ஆயாவை ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்தினோம். அங்க வந்த சர்ஜன், ஐம்பது வயசு இருக்கும், முதல்ல கேட்டது பழைய எக்ஸ்ரே. ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு ஒரு நிமிஷம் பார்த்தார். "தம்பி, இங்க வாங்க"ன்னு என்னைக் கூப்பிட்டு கல்லீரல் இருக்குற இடத்தைக் காட்டினார். வெள்ளை நிழல் மேல மரக்கிளை மாதிரி கருப்பா ரெண்டு கோடு. "இது காத்து. பித்தக் குழாய்க்குள்ள காத்துக்கு என்ன வேலை? குடலுக்கும் பித்தப்பைக்கும் நடுவுல கதவு திறந்திருக்கு"ன்னார்.

ரெண்டு நாளா அந்த ஃபிலிம் ஆயா கட்டிலுக்கு அடியிலதான் கவருக்குள்ள கிடந்துச்சு.

பித்தக் குழாய்ல காத்து, சிறுகுடல் அடைப்பு, இருக்கக்கூடாத இடத்துல ஒரு கல்லு. இந்த மூணையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி ரிக்லர்ங்கிற எக்ஸ்ரே டாக்டர் 1941ல எழுதி வெச்சிருக்கார். எக்ஸ்ரேல மூணும் ஒண்ணா தெரியறது பாதிப் பேருக்குக் கூட இல்லை. நிறைய கல்லு எக்ஸ்ரேல தெரியவே தெரியாது. சிடி ஸ்கேன்ல பெரும்பாலும் பிடிபட்டுடும். எங்க ஆயாவுக்கு சிடி எடுத்தாங்க. பித்தப்பை சுருங்கி முன்சிறுகுடலோட ஒட்டி, உள்ளே காத்து. கீழே வலது பக்கம் சிறுகுடல் முடிவுல வளையம் மாதிரி ஒரு கல்லு, மூணு சென்டிமீட்டர். என் மாதிரி ஆளுக்கே தெரிஞ்சுது.

உடனே கத்தி எடுக்கல. ஏழு நாள் வாந்தியில உடம்புல தண்ணியே இல்லை. கிரியாட்டினின் மூணைத் தாண்டியிருந்துச்சு, பொட்டாசியம் குறைச்சல். விடிய விடிய சலைன் ஏத்தி, பொட்டாசியம் கொடுத்து, சிறுநீர் இறங்க ஆரம்பிச்ச பிறகுதான் தியேட்டர். ஆபரேஷன் சிம்பிள்னு சொன்னா சிரிப்பீங்க, ஆனா யோசனை சிம்பிள்தான். வயித்தைத் திறந்து கல்லு சிக்கின இடத்தைக் கண்டுபிடிக்கணும். அங்கேயே வெட்டக் கூடாது, அந்தச் சுவரு நைஞ்சிருக்கும். கல்லை விரலால மெல்ல மேல் பக்கமா, நல்ல குடலுக்குத் தள்ளிட்டு வந்து, அங்க நீளவாக்குல ஒரு கீறல். கல்லை எடுத்துட்டு குறுக்குவாக்குல தைக்கணும், அப்பதான் அந்த இடம் குறுகாது. முடிக்கிறதுக்கு முன்னாடி மொத்தக் குடலையும் தடவிப் பார்க்கணும், ரெண்டாவது கல்லு பின்னாடியே வந்துக்கிட்டிருக்கலாம். ஒரு மணி நேரத்துக்குள்ள முடிச்சு வெளிய வந்தார்.

வந்ததும் அடுத்த கச்சேரி. பித்தப்பையை எடுக்கல, ஓட்டையை அடைக்கல. அரூர் மாமா வராண்டாவுலயே சத்தம் போட ஆரம்பிச்சிட்டார். "அரை வேலை பார்த்துட்டு முழு பில்லா? வயித்தைத் திறந்தது திறந்தாச்சு, எல்லாத்தையும் சேர்த்து முடிக்க வேண்டியதுதானே?" உண்மையைச் சொன்னா எனக்கும் அதே சந்தேகம். போய்க் கேட்டேன்.

சர்ஜன் கோபப்படல. "நீங்க கம்ப்யூட்டர்ல என்ன வேலை பார்க்கறீங்க?"ன்னு கேட்டார். சொன்னேன். "உங்க சர்வர் நின்னு போச்சுன்னா முதல்ல ஓட வைப்பீங்களா, இல்ல மொத்த புரோகிராமையும் மாத்தி எழுதுவீங்களா?" அதுக்கு மேல எனக்குப் பேச்சு வரல. ப்ரொடக்‌ஷன் விழுந்து கிடக்கும்போது ரீஃபாக்டர் பண்றேன்னு கிளம்பினவனை நானே திட்டியிருக்கேன்.

இது அவர் சோம்பேறித்தனம் இல்லை. 1994ல ரெய்ஸ்னர், கோஹன்னு ரெண்டு பேர் 1,001 கேஸைத் தொகுத்துப் பார்த்தாங்க. கல்லை மட்டும் எடுத்தவங்கள்ல 11.7 சதவீதம் பேர் இறந்திருக்காங்க. எல்லாத்தையும் ஒரே தடவையில பண்ணினவங்கள்ல 16.9. நான் மேலே சொன்ன அமெரிக்கக் கணக்குல அது 4.94க்கு 7.25. குலுக்கல் போட்டுப் பிரிச்சுப் பார்த்த ஆராய்ச்சி இல்லைங்கிறதை நானே சொல்லிடறேன், யாராவது புள்ளியியல் புலி வந்து கடிக்கிறதுக்குள்ள. ஆனா ஒண்ணு யோசிங்க. பொதுவா ரொம்ப முடியாத நோயாளிக்குத்தான் சின்ன ஆபரேஷனோட நிறுத்துவாங்க. அப்படியும் அந்தப் பக்கம்தான் சாவு கம்மி. கல்லு மறுபடி வர்ற ஆபத்து நூத்துக்கு அஞ்சு பேர் சுமாருக்கு இருக்கு. பல பேருக்கு அந்த ஓட்டை தானாவே மூடிக்கும். வயசு கம்மி, உடம்பு தெம்பா இருக்கு, கைதேர்ந்த சர்ஜன் இருக்கார்னா ஒரே தடவையில முடிக்கிறதுலயும் தப்பில்லை. ஏழு நாள் பட்டினியில கிட்னி தடுமாறிக்கிட்டிருக்குற மலைக் கிழவிக்கு அது வேண்டாம்.

நம்ம பதிவுலகத்துலயும் இந்த மாமா புத்தி நிறைய இருக்கு. ஆபரேஷன் பண்ணினா "காசுக்குப் பண்ணிட்டான்". பண்ணலைன்னா "கவனிக்காம விட்டுட்டான்". சின்னதா பண்ணினா "அரைகுறை". பெரிசா பண்ணி ஆள் போயிட்டா கண்ணாடியை உடைப்போம். ஆனா ஆப்பிள் ஜூஸ்காரன்கிட்ட மட்டும் ஒரு ரசீது, ஒரு ஸ்கேன் ரிப்போர்ட், ஒரு பேர், ஒரு ஊர் கூட கேட்க மாட்டோம்.

மலைக்காரனுக்கு வியாதியே கிடையாதுன்னு எழுதின நண்பருக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு. நீங்க ஜவ்வாது மலைக்குப் போயிருக்கீங்க, தெரியும். பீமன் அருவி ஃபோட்டோ பார்த்தேன், கோமுட்டேரி படகு ஃபோட்டோவும் பார்த்தேன். காவலூர்ல 93 அங்குலத் தொலைநோக்கி 1986ல இருந்து நிக்குது, அதைப் பத்தியும் புல்லரிச்சு எழுதியிருந்தீங்க, நல்லாவே இருந்துச்சு. அந்த மலையில இருந்து வானத்தைப் பார்க்கலாம். வயித்துக்குள்ள பார்க்கிறதுக்கு சிடி ஸ்கேன் வேணும்னா மலை இறங்கணும். அங்க வியாதி இல்லைன்னு உங்களுக்குத் தோணுறதுக்குக் காரணம் சாமை இல்லை சார். அங்க வியாதிக்குப் பேர் வைக்க ஆள் போகலை. பேர் வைக்காத வியாதியில செத்தவங்க "வயித்து வலியில போயிட்டாங்க". எங்க நண்பனோட தாத்தா அப்படித்தான் போனார். "வயித்து வலி" அவ்வளவுதான், அதுக்கு மேல அந்த வீட்டுல யாருக்கும் தெரியாது.

2023 மே மாசம் ஞாபகம் இருக்கா? வேலூர் மாவட்டம் அணைக்கட்டு பக்கம் அல்லேரி மலை. பாம்பு கடிச்ச ஒன்றரை வயசுக் குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே இறந்துச்சு. உடலைத் திருப்பிக் கொண்டு வந்த ஆம்புலன்ஸ் ரோடு இல்லைன்னு பாதியில இறக்கி விட, பெத்தவ கையில தூக்கிட்டு கிலோமீட்டர் கணக்குல நடந்தா. அன்னைக்கு நாம எல்லாரும் பதிவு போட்டோம். நானும் போட்டேன், கவிதை மாதிரி ஒண்ணு. இப்பப் படிச்சா கூசுது. அதே ரோடுதான் இது. பாம்புக்கடிக்கு மணிக்கணக்கு, குடல் அடைப்புக்கு நாள்கணக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷத்துக்கு அஞ்சு லட்சம் வரைக்கும் இருக்கு, 2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம்னு வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கறாங்க. நல்ல திட்டம், மனசாரச் சொல்றேன். அப்படி வீட்டுக்கு வர்ற அக்காகிட்ட இன்னும் ரெண்டு கேள்வி கொடுத்து அனுப்பினா என்ன? "வயித்துல கல்லு இருக்குன்னு யாராவது சொல்லியிருக்காங்களா? பிறகு என்ன பண்ணினீங்க?" எங்க ஆயா வாசல்ல இந்தக் கேள்வி வந்திருந்தா அந்தச் சோப்பு உருண்டைக் கதை அன்னைக்கே வெளிய வந்திருக்கும்.

பித்தப்பையில கல்லு இருக்குற எல்லாரும் ஓடிப் போய் ஆபரேஷன் பண்ணிக்கோங்கன்னு நான் சொல்லல. கல்லு இருந்து ஒரு தொந்தரவும் இல்லாம நூறு வயசு வரைக்கும் இருக்கறவங்க உண்டு, அவங்களைச் சும்மா விடச் சொல்லித்தான் டாக்டர்களே சொல்றாங்க. வலி வந்து, கல்லும் பெரிசா இருந்து, ஆபரேஷன்னு ஒருத்தர் சொன்ன பிறகு, சந்தேகம் இருந்தா இன்னொரு சர்ஜன்கிட்ட கேளுங்க. என்கிட்ட கேட்காதீங்க. என் மாதிரி ரிலீஸ் நடுவுல இருக்குறவன்கிட்ட கேட்கவே கேட்காதீங்க. வயிறு உப்பி, மலமும் காத்தும் நின்னு, வாந்தியும் வந்தா, அதுக்கு மேல பேதி உப்பு, விளக்கெண்ணெய் எதுவும் வாயில போகக் கூடாது. அடைச்ச குழாய்ல மோட்டார் போட்ட கதைதான்.

சக பதிவரே, உங்க மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் ஒண்ணும் இல்லை. நீங்க நல்ல எண்ணத்துலதான் எழுதியிருப்பீங்க. நானும் நல்ல எண்ணத்துலதான் "ட்ரை பண்ணிப் பாருங்க"ன்னு சொன்னேன். அந்தப் பதிவை எடுத்துடுங்க. எடுக்க மனசு வரலைன்னா, அடியில ஒரு வரி: "இதைக் குடித்தவர் யாராவது முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேன் இரண்டையும் அனுப்பினால் இங்கே போடுகிறேன்". வர்றதை எல்லாரும் பார்ப்போம். நான் காத்திருக்கேன்.

ஆயா பிழைச்சுது. கிட்னி நேராக ரெண்டு வாரம் ஆச்சு. இப்ப மேட்டுல ஏறாது, விறகு தூக்காது, திண்ணையில உட்கார்ந்து எல்லாரையும் திட்டுது. அந்தக் கல்லை சர்ஜன் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவுல போட்டுக் கொடுத்தார். பழுப்பும் கருப்புமா, முட்டை வடிவத்துல, ஒரு ஓரம் தேய்ஞ்சு இருக்கு. போன மாசம் போனப்ப ஆயா அதை எடுத்து வந்து என் கையில வெச்சு, "இதா, நீங்க கரைச்ச கல்லு"ன்னுச்சு. நான் சாமைச் சோத்தைப் பிசைஞ்சுகிட்டு தலை குனிஞ்சிட்டேன்.

நேத்து ராத்திரி குடும்ப குரூப்புல அரூர் மாமா ஒரு மெசேஜ் ஃபார்வர்ட் பண்ணியிருக்காராம், நண்பன் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான். இந்தத் தடவை கிட்னி கல்லுக்கு. வாழைத்தண்டும் பீரும்.